பித்தளையில் விரல் படக்கூடாது

குக் டவுன், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன்.
எந்தத் துரைக்கு எந்தத் தெரு என்று
எந்தக் கண்டக்டருக்கும் தெரியாது.
சில்லறை இருந்தால் சரி.

மர்ஃபி டவுனில் ஏறி
பழைய புகையிலைக் கிடங்கில் இறங்குகிறேன்.
இப்போது அது காலரி.
சுவரைச் சுரண்டக் கூடாது என்று உத்தரவு:
ஈரக் கறைக்கும் விளக்கு போட்டிருக்கிறார்கள்.

மூவாயிரத்து நானூறு பித்தளைப் பில்லைகள்.
ஒவ்வொன்றிலும் ஓர் எண்.
உத்தரத்திலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கவேண்டும்,
தலைக்கு மேல் சில, தொண்டைக்கு நேரே சில,
குனிந்தால்தான் தெரியும் சில.
பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கிக்கொண்டு
கோலார் தங்கவயலில் இறங்கியவர்களுக்காம்.
தாரிணி மேடம் வரைபடம் தந்தார்.
அதில் ஆட்கள் இல்லை, புள்ளிகள்தாம்.

"கையுறை போடுங்க பிரகாசம்.
விரல் பட்டா பித்தளை கருத்துடும்.
ஒரே மாசத்துல ரேகை அப்படியே எழும்பி வந்துடும்."
வெள்ளைப் பருத்திக் கையுறை.
பேண்டு வாத்தியக்காரன் மாதிரி இருந்தேன்.

பதினோரு நாள் சாரத்தில்.
நான், ஷபீர், நாகேஷ்,
கீழே நின்று எண் படிக்க அசாம் பையன் பிபுல்.
தமிழில் எண்ண அவன் கற்றது அப்போதுதான்.
தொண்ணூறில் மட்டும் நாக்கு வழுக்கும்.

சாப்பாட்டு வேளையில் மேடம் கேட்டார்:
உங்க குடும்பத்துல யாராவது சுரங்கத்துல…?
இல்லை மேடம். திருப்பத்தூர்ப் பக்கம் செங்கல் சூளை.
அவர் முகத்தில் ஏதோ ஒரு பல்பு அணைந்தது.
எனக்கே பாவமாகிவிட்டது.
ஒரு சித்தப்பாவையாவது இறக்கிவிட்டிருக்கலாம்.

ஒலிபெருக்கியைச் சோதிக்கும்போதுதான்
கதையைக் கேட்டோம்.
எல்லாரும் விரல் ரேகை வைக்கவேண்டும் என்றார்களாம்.
ரேகை திருடனுக்கு, எங்களுக்கு எதற்கு என்று
நாள்கணக்கில் யாரும் இறங்கவில்லையாம்.
கூண்டு வெறுமனே போய் வெறுமனே வந்ததாம்.
ப்ளையரை வாயில் கவ்வியபடி
ஷபீர் அசையாமல் நின்றான்.

காலரியின் பின்வாசலில் எங்களுக்கும் ஒரு பெட்டி.
கட்டைவிரல் வைத்தால் பச்சை விளக்கு, அன்றைய கூலி.
என் விரலில்தான் ஒன்றும் இல்லை.
சிமெண்ட் கொஞ்சம் தின்றது, மிச்சத்தைக் கயிறு.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன் என்கிறாள்
பெட்டிக்குள் ஒருத்தி.
துடைத்து வைத்தேன். எச்சில் தொட்டு வைத்தேன்.
ரேஷன் கடையிலும் இவள்தான் இருக்கிறாள்.
பதினோரு நாளில் நாலு நாள்
நான் வரவேயில்லை என்கிறது கணக்கு.
அந்த நாலு நாளில் நான் கட்டியவை
முந்நூற்றுச் சொச்சம்.

கடைசி நாள். 2917.
முடிச்சு விழ மறுத்தது.
வலக்கைக் கையுறையைப் பல்லால் இழுத்தேன்.
பித்தளை குளிர்ந்து கிடந்தது.
தேவைக்கு மேல் கொஞ்சநேரம் பிடித்திருந்தேன்,
அவ்வளவுதான்.

திறப்புவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்,
ஒரு ட்யூப்லைட் போய்விட்டதென்று.

நாலாம் வாரம் மறுபடி போன்.
ஏணியோடு வா, ஏதோ கறை.
ஏறிப் பார்த்தேன்.
நடுவில் சுழி, சுற்றி நாலைந்து கோடு,
பாதியில் தேய்ந்து, மறுபடி தொடங்கி.
இருந்திருக்கிறது.
பெட்டிக்காரிக்குத்தான் கண் சரியில்லை.

டார்ச்சைச் சுழற்றினேன்.
1106இல் அகலமாக ஒன்று. ஷபீர்.
உத்தரத்து ஓரத்தில் வரிசையாக மூன்று,
நாகேஷுக்கு எதிலும் ஆசை அதிகம்.
ஏணியே ஏறாத உயரத்தில், முழங்காலுக்கு நேரே,
சின்னதாக ஒன்று.
எண்ணைப் பார்த்தேன்: தொண்ணூறு.
இதைப் பற்றி நாங்கள்
ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"எத்தனை இருக்கு?" கீழிருந்து மேடம்.
ஒண்ணே ஒண்ணுதான் என்றேன்.
பஞ்சை நனைத்து
பக்கத்து 2918ஐ அழுத்தி அழுத்தித் துடைத்தேன்.
அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.